அட்டை கடித்த இடம்

போன் அலறியது.

சார்ஜன்ட் மரியநாயகம் அதை முறைத்துப் பார்த்தார். காலை ஏழே முக்கால். ஊற்றி வைத்த பிளேன்டீயில் இன்னும் வாய் வைக்கவில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸில் இந்த நேரத்துப் போன் ஒன்றுகூட நல்ல சேதி சொன்னதில்லை.

எடுத்தார்.

"சார்ஜன்! கிரேக்மவுண்ட் பங்களா மேர்வின் பேசுறேன். நம்ம குளத்துல ஒரு ஆள் மெதக்குறார்!"

"உயிரோடயா?"

"குப்புறக் கெடக்குறார்..."

மரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வருடத்தில் அந்தக் குளத்தில் இது மூன்றாவது பிணம்!

பிளேன்டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். முழங்கால் 'கடக்' என்றது.

நோர்வூட் பாதையிலிருந்து பிரிந்து, தேயிலை நடுவே வளைந்து வளைந்து மேலே ஏறினால் கிரேக்மவுண்ட் குளம். வெள்ளைக்காரன் காலத்தில் ஃபெக்டரிக்குக் கரண்ட் எடுக்கக் கட்டிய மண் அணை. அணைக்குக் கீழே தொழிலாளர் வீட்டு வரிசையாக நாலு லயம், நாற்பது குடும்பம். ஒரு காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் உதவி மேனேஜராக, சின்னத்துரையாக இருந்த மேர்வின்தான் இப்போது பங்களா, குளம், சுற்றியுள்ள தேயிலை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர். டூரிஸ்டுகளுக்குப் படகு விடுகிறார்.

ஜீப் நின்றது.

அணைக்கட்டின் மேல் ஈரச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். நடுத்தர வயது. பின்மண்டையில் காயம். குளத்தின் நடுவில் ஒரு படகு கவிழ்ந்து மிதந்தது.

"யாரு இவரு?"

"சுதாகரன். கண்டியில இருந்து வந்த இன்ஜினியர்." மேர்வின் பெருமூச்சு விட்டார். அரைக் காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளை சொக்ஸ், மினுமினுக்கும் சப்பாத்து. துரைமார் உடுப்பை அவர் இன்னும் விடவில்லை. "அணையச் செக் பண்ண ரெண்டு நாளா நம்ம பங்களாவுலதான் இருந்தார். இவர் ரிப்போர்ட் குடுத்தாத்தான் ஏப்ரல் சீசனுக்கு லைசன்ஸ். அதுக்குள்ள இப்பிடி..."

"என்ன நடந்துச்சு?"

"விடிய போட்ல சுத்திப் பாக்கப் போயிருக்கார். லைஃப் ஜாக்கெட் இல்லாம! போட் கவுந்து, மண்டையில அடிபட்டிருக்கு. எல்லாம் இந்தச் சின்னராசாவோட வேலை!"

ஓரமாக நின்றிருந்த ஆள் முன்னால் வந்தார். படகுக்கும் மதகுக்கும் காவல் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா... மாதா மேல சத்தியமா நான் போட்டைக் குடுக்கலீங்க! காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா இன்ஜினியர் ஐயா மெதக்குறாரு. நான்தான் எறங்கி இழுத்துட்டு வந்தேன்."

"பெரட்டுக்குப் போறதுக்கு முந்தியே குடுத்துட்டான் சார்ஜன். ஜாக்கெட் போடாம ஆளை ஏத்தாதேன்னு நூறு தடவ சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே!"

"ஐயா, என்னையப் புடிச்சிட்டுப் போனா வேலையும் போயிரும், குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். மூணு புள்ளைங்க ஐயா..."

மரியநாயகத்துக்குச் சலிப்பாக இருந்தது. முந்தின இரண்டு சாவுக்கும் இதே அணைக்கட்டில் நின்றுதான் 'தவறி விழுந்து' என்று எழுதினார். இன்றும் எழுதலாம். சின்னராசாவுக்கு விலங்கு மாட்டினால் பத்து மணிக்கெல்லாம் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடலாம். ஊருக்கு இளைத்தவன் யார் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே!

"இவர ஜீப்ல ஏத்துங்க," என்றார் கூட வந்த கான்ஸ்டபிளிடம்.

சின்னராசா அழவில்லை. வாய்தான் கோணியது.

மரியநாயகம் பிணத்தின் பக்கம் குனிந்தார். பாழாய்ப்போன முழங்கால்!

குனிந்தவர் அப்படியே நின்றார்.

பிணத்தின் சப்பாத்திலிருந்து தண்ணீர் வழிந்து கல்லில் ஓடியிருந்தது. அந்தத் தண்ணீரில்...

நுரை!

சப்பாத்தைக் கழற்றினார். தடித்த கம்பளி சொக்ஸ். பிழிந்தார். கைநிறைய வெள்ளை நுரை பொங்கியது. முகர்ந்து பார்த்தார். உடுப்புக் கழுவும் சவர்க்காரம்!

"சின்னராசாண்ணே... இங்க வாங்க. இது என்ன?"

"சவுக்காரம் ஐயா! அட்டை கடிக்காம இருக்கப் பூசுறது. எம் பொஞ்சாதிதான் நேத்து இன்ஜினியர் ஐயாவுக்கு ஒரு துண்டு குடுத்தா."

"போட்ல போறவருக்கு எதுக்குண்ணே அது?"

"போட்டுக்கு எதுக்குங்க? புல்லுக்குள்ள எறங்குறதா இருந்தாத்தான் பூசுவோம்."

"சார்ஜன்!" மேர்வின் குரல் உயர்ந்தது. "நேத்துப் பூசினதா இருக்கும். நேரத்த வீணாக்காதீங்க!"

மரியநாயகம் நிமிரவில்லை. குனிந்த இடத்திலிருந்து அவருக்கு நேரே தெரிந்தது மேர்வினின் கால். தும்பைப்பூ மாதிரி வெளுத்த சொக்ஸில், கணுக்காலுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது!

"காலையில இருந்து எங்க இருந்தீங்க, தொரை?"

"பங்களாவுலதான். சின்னராசா சத்தம் போட்டப்பத்தான் வெளிய வந்தேன்."

"கால்ல ரத்தம் வருதே?"

மேர்வின் சட்டென்று கீழே பார்த்தார்.

"அட்டை... வாசல் புல்லுல ஏறியிருக்கும்."

"ஏழு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல. உங்க வாசல் புல்லு காஞ்சு சருகாக் கெடக்கு. சின்னராசாண்ணே, இப்பிடிக் காஞ்சு கெடக்குறப்ப அட்டை எங்க இருக்கும்?"

சின்னராசா முதலாளியைப் பார்த்தார். சார்ஜன்ட்டைப் பார்த்தார்.

"ஒரே எடத்துலதாங்க ஐயா. அணைக்கு அடியில, தண்ணி கசியுற எடத்துல. மாட்டுக்குப் புல்லறுக்க நாங்க எறங்குவோம். வேற யாரும் போக மாட்டாங்க."

"போய்ப் பாப்போம்."

மேர்வின் வரமாட்டேன் என்றார். கான்ஸ்டபிள் கையைப் பிடித்ததும் வந்தார்.

அணைக்கு அடியில் பச்சைப் பசேலென்று புல் இடுப்பளவு நின்றது. காலடியில் சேறு. புல்லை விலக்கினால், அடிக் கல்கட்டில் நாலு இடத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி! பெயின்ட் இன்னும் காயவில்லை. டப்பா பக்கத்திலேயே கிடந்தது. சேற்றில் இரண்டு ஜோடி சப்பாத்துத் தடம். ஒன்று செத்தவருடையது. மற்றது...

"காலைத் தூக்குங்க, தொரை."

மேர்வின் தூக்கவில்லை. இருந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

"வேற சப்பாத்து... கழட்டிட்டேன். சொக்ஸும் மாத்திட்டேன்," என்றார் மெதுவாக. "இந்த அட்டைக்கடி மட்டும் நிக்கவே மாட்டேங்குது!"

"நிக்காது. பாதி நாளைக்கு ஓடும். தோட்டத்துல பொறந்த சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஏன் அடிச்சீங்க?"

"செவப்பு பெயின்ட், மரியநாயகம்! எங்க தோட்டத்துச் சர்வீஸ்ல மரத்துக்குச் செவப்பு போட்டா அது போச்சு. வெட்டிச் சாய்க்குறதுக்குத்தான் செவப்பு! விடிய இவன் எறங்குறதப் பாத்துப் பின்னாலயே வந்தேன். அணைக்கே செவப்பு போட்டுக்கிட்டு நிக்குறான்! தண்ணியும் கசியுது... சீசன் போச்சு, குளம் போச்சுன்னு நெனச்சேன். அவன் மேல ஏறி வந்தப்ப எங் கையில துடுப்பு இருந்துச்சு... அடிச்சு, தண்ணியில தள்ளி, போட்டையும் கவுத்து விட்டுட்டேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்குறது? அதான் கண்ணுக்குத் தெரியுதே!"

மரியநாயகத்தின் போன் சிணுங்கியது. கண்டி நம்பர். அணையிலிருந்து கீழே இறங்கும்போது இன்ஜினியரின் ஆபீசுக்கு எடுத்துப் பார்த்திருந்தார். யாரும் எடுக்கவில்லை. இப்போது அவர்களே எடுக்கிறார்கள்.

"ஹலோ, நான் தனுஜா. சுதாகரன் சேரோட அசிஸ்டன்ட். கூப்பிட்டிருந்தீங்க?"

"கிரேக்மவுண்ட் அணை ரிப்போர்ட் என்னாச்சும்மா?"

"நேத்துப் பின்னேரமே மெயில் பண்ணியாச்சே! பங்களாக்காரர் இன்னும் திறந்தே பாக்கல போல. அணைக்கு ஒண்ணும் இல்ல, நல்ல கட்டு."

"கசியுதே?"

"அது கட்டினப்பவே வச்ச வடிகால். தண்ணி வரணும். வராட்டித்தான் பயம்னு சேர் எழுதியிருக்கார்."

"செவப்பு பெயின்ட்?"

"அதுவா? வருசா வருசம் ஒரே இடத்துல அளக்கணும்ல, அதுக்கு அடையாளம். இன்னைக்குக் காலையில போட்டுட்டுத் திரும்புறேன்னு சொன்னார்... சேர்கிட்ட ஒருக்காக் குடுங்களேன்?"

மரியநாயகம் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் இந்தச் சேதியைச் சொல்லியிருக்கிறார். இன்னும் பழகவில்லை. நாலு எட்டு தள்ளிப்போய், மெதுவாகச் சொன்னார். மறுமுனையில் எழுந்த அழுகை ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

திரும்பி வந்தபோது சின்னராசா வழிமறித்தார்.

"ஐயா... அப்ப அணை ஒடையாதுங்களா? நாங்க லயத்துல பயமில்லாமப் படுக்கலாமா?"

"படுக்கலாம்ணே. எழுதிக் குடுத்துட்டுத்தான் செத்திருக்கார், அந்த நல்ல மனுசன். நீங்க வீட்டுக்குப் போங்க."

சின்னராசா ஜீப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அங்கே சாக்கால் மூடி சுதாகரனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேர்வினின் கையில் விலங்கு 'க்ளிக்' என்றது.

"சார்ஜன்..." என்றார் அவர். "போன்ல என்ன சொன்னாங்க? லைசன்ஸுக்கு... வழியே இல்லையா?"

மரியநாயகம் அலுப்போடு அவரைப் பார்த்தார்.

"அஞ்சு வருசத்துக்குத் தாராளமா போட் விடலாமாம், தொரை. உங்களுக்குத்தான் இனிமே டைம் இல்ல!"