நாலு பெயர், ஐந்து முகம்

படம் திரையில் மேலிருந்து கீழே, விரற்கடை விரற்கடையாக இறங்கி வந்தது. முதலில் மீன் தொழிற்சாலையின் குழல்விளக்குகள் வந்தன, அப்புறம் வெள்ளைத் தொப்பிகள். ஒட்னி தொப்பிகளை எண்ணவில்லை. தான் நிற்கவைத்த வரிசையை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? நெற்றிகள் தெரிந்தபோதுதான் ஏதோ உறுத்தியது. நாலு பெண்களை நிற்கவைத்துத்தான் அவள் படம் எடுத்திருந்தாள். திரையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

ஐந்தாவது ஆள் நடுவிலிருந்த இரண்டு பெண்கள், துரித்துக்கும் மார்கிட்டுக்கும் இடையே, ஓரடி பின்தள்ளி நின்றான். முழங்காலைத் தாண்டிய கறுப்புக் கோட்டு. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தான். ஒரு காதும் கொஞ்சம் தாடையும் மட்டும் தெரிந்தன.

நார்வேயின் வடகோடியில், ஹாமர்ஃபெஸ்டின் அந்தச் சின்னப் பத்திரிகைக்கு டிஜிட்டல் கேமரா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1997 ஜனவரி, ஓஸ்லோவிலேயே பாதிப் பேர் இன்னும் ஃபிலிமைக் கட்டிக்கொண்டு அழுத காலம். கைக்குழந்தை கனம் கனக்கும் அந்தச் சனியனின் முதுகில் படத்தைப் பார்க்கத் திரை கிடையாது. அழுத்தினால் உள்ளே தகடு குர்ரென்று சுழலும், அவ்வளவுதான். என்ன விழுந்தது என்பது அலுவலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் தெரியும். ஒரே நல்ல காரியம், அதில் குண்டூசித் தலையளவு மைக் ஒன்று இருந்தது. படம் எடுத்த கையோடு அதை அழுத்தி, இடமிருந்து வலமாகப் பெயர்களைச் சொல்லிவிட்டால் குரல் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒட்னி அன்று காலை தொழிற்சாலையில் நாலு பெயரைத்தான் சொன்னாள். பெரித், துரித், மார்கிட், ஆஸ்லௌக். இருபத்தைந்து வருஷமாக மீன் அறுத்த பெண்கள். குளிரில் பேட்டரி உயிரை விட்டதால் ஒரே ஒரு படம்தான் விழுந்திருந்தது.

"யாருடி இந்த அஞ்சாவது ஆளு?" பின்னால் ரான்வெய்க் வந்து நின்றாள். பக்கம் கட்டுகிறவள், மத்தியான ஷிஃப்டுக்கு அப்போதுதான் வந்திருந்தாள். "சீக்கிரம் சொல்லு. பத்து நிமிஷத்துல பக்கத்தை மூடணும்."

"தெரியல. அவனை வெட்டிர்றேன்."

"எப்படி வெட்டுவே? நட்டநடுவுல நிக்கிறான். வெட்டினா துரித்தோட காதும் சேர்ந்து போயிரும், அப்புறம் அவ வந்து என் காதை அறுப்பா."

"கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டா?"

ரான்வெய்க் அவளை முறைத்தாள். படத்தில் ஒரு மின்கம்பியை அழித்ததற்காகப் போன இலையுதிர் காலத்தில் ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அழிக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது. பெயரில்லாத முகம் அச்சேறவும் கூடாது. அந்த அலுவலகத்தில் இந்த மூன்றும் வேதவாக்கு.

சேர்க்கக் கூடாது. அந்த இடத்தில் ஒட்னியின் புத்தி போய் நின்றது. இந்தக் கேமரா கறுப்பு நைலானைக் கறுப்பாகக் காட்டாது, பழைய ரத்தம் மாதிரி செம்பழுப்பாகக் காட்டும். பெண்களின் கறுப்பு ஏப்ரன்கள் நாலும் செம்பழுப்பாகத்தான் இருந்தன. இவன் கோட்டு மட்டும் கரிக்கறுப்பு. அப்படியென்றால் இது இந்தக் கேமராவில் விழுந்த ஆளே இல்லை. பழைய ஃபிலிமிலிருந்து ஸ்கேன் பண்ணி யாரோ ஒட்டியது. ஸ்கேனர் யார் மேஜையில் இருக்கிறது? இன்னொரு போட்டோகிராஃபர் எய்லிஃப்பின் மேஜையில். அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காப்பி ஊற்றப் போனபோது கேமராத் தகட்டின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது? எய்லிஃப்தான். பிப்ரவரியில் இரண்டு போட்டோகிராஃபர்களில் ஒருவர்தான் மிஞ்சப்போகிறார் என்று யாருக்குத் தெரியாது? அடப்பாவி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். என் தலையில் கல்லைப் போட இப்படி ஒரு வழியா?

ஒருவேளை ஒட்டவே நேரம் இருந்திருக்காதே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. இரண்டு நிமிஷக் காப்பிதானே. அதை ஒதுக்கித் தள்ளினாள். சந்தேகப்பட ஆள் கிடைத்துவிட்டால் கணக்குப் பார்க்க மனசு வருமா?

"எய்லிஃப்தான் அது," என்றாள். "விளக்குப் பிடிக்க வந்தான். திரும்பிட்டான், மடையன்."

"முழுப் பேரு?"

"எய்லிஃப் ஸ்கோக்வோல். உனக்குத் தெரியாதாக்கும்."

ரான்வெய்க் சிரித்துக்கொண்டே படத்தின் கீழே அந்தப் பெயரைத் தட்டிவிட்டாள். உன் வேலையை நீயே சுமந்துகொள் என்று ஒட்னிக்கு உள்ளூரக் குஷிகூட வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. சூரியன் எட்டிப் பார்க்காத மாதம்; ஜன்னலுக்கு வெளியே மை கரைத்தது போல ஒரு நீலம், அதில் பொடிப் பனி. அலுவலகத்தில் ஒட்னி மட்டும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எய்லிஃப் உள்ளே வந்தான். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, தாடியில் பனி உருகிச் சொட்டியது. பத்திரிகையை அவள் முன்னால் வீசினான்.

"நான் எப்ப அங்க வந்தேன்?"

"நீயே சொல்லு, எப்ப வந்தே."

"நான் நேத்து காலைல பூரா இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல. என் பொண்டாட்டி கேக்கிறா, யாரு இது, உன் பேரைப் போட்டிருக்காங்களேன்னு."

"படத்துல ஒட்டினது நீதானே? ஒட்டினவன் பேரைத்தான் போட்டேன்."

எய்லிஃப் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையில் துடைத்தான். கோபத்தை விடத் திகைப்புத்தான் அதிகம் தெரிந்தது. "ஒட்னி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அந்த மிஷின்ல ஒரு மச்சத்தை எடுக்கவே எனக்கு அரை மணி ஆகும். யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு என் பேரைக் குடுத்திருக்கே நீ."

அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "போய் ரான்வெய்க்கிட்ட சொல்லேன், பாக்கலாம்."

"சொல்லத்தான் போறேன். அவ வீட்டுக்கே போறேன். பொய்ப் பேரு போட்டது தெரிஞ்சா ஒரு நாள் தாங்க மாட்டே இங்க."

கதவை அறைந்து சாத்தினான். மரப்படிகளில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று இறங்கியது. ஒட்னி ரொட்டியைக் கீழே வைத்தாள். அவன் சொன்னது உண்மை. படம் எப்படி வந்தது என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. பெயர் பொய் என்பது போதும். பதினோரு வருஷ வேலை. அவன் ஒட்டினதற்கு ஆதாரம் வேண்டும், ரான்வெய்க் வருவதற்குள் வேண்டும்.

படத்தை மறுபடி திறந்தாள். ஒட்டின விளிம்பு எங்கேயாவது பிசிறு தட்டுகிறதா என்று தேடத்தான் திறந்தாள். குழல்விளக்குகள், தொப்பிகள், நெற்றிகள்.

அவன் இப்போது சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. பாதித் திரும்பியிருந்தான். நேற்று வெறும் தாடையாக இருந்த இடத்தில் தாடி இருந்தது. மூக்கின் மேல் கண்ணாடிச் சட்டத்தின் ஒரு கோடு.

ஒட்னி பத்திரிகையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அச்சில் தாடி இல்லை. காதும் தாடையும் மட்டும்தான். அப்படியானால் ராத்திரி எய்லிஃப் வந்து மறுபடி கைவைத்திருக்கிறான். தன் முகத்தையே ஒட்டி... தன் முகத்தை எதற்கு ஒட்டுவான்? கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தாள். திங்கள், பதினொன்று பத்து. அவள் ஷட்டரை அழுத்திய நேரம். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

குரல் மிச்சமிருந்தது. படத்தோடு வந்த குரலை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. பெயர்கள் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒட்னி ஹெட்போனை மாட்டினாள். தொழிற்சாலை இரைச்சல், தண்ணீர்க் குழாய், யாரோ சிரிப்பது. அவள் குரல்: பெரித், துரித், மார்கிட், ஆஸ்லௌக். தகடு சுழல்கிற குர்ர். அவள் நிறுத்தவில்லை.

மூச்சு. மைக்குக்கு மிக அருகில், அவள் வாயை விட அருகில்.

"எய்," என்றது ஒரு குரல். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி. "எய்லி. எய்லிஃப்." கொஞ்சம் இடைவெளி. "எய்லிஃப் ஸ்கோக்வோல்." மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் கரகரப்பு குறைந்து, வட்டார இழுப்பு கூடி, கடைசித் தடவை எய்லிஃப்பே சொன்னது போல இருந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். குரல் பதிவானது திங்கள் பதினொன்று பத்துக்கு. அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது மதியம் ஒரு மணிக்கு. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று முதல் தடவையாக நினைத்தாள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. பூட்ஸ் தடதடக்கவில்லை. நிதானமாக, ஒவ்வொரு படியையும் பழகிக்கொண்டு ஏறுவது போல.

எய்லிஃப் உள்ளே வந்தான்.

"போகட்டும் விடு, ஒட்னி," என்றான். "ரான்வெய்க்கிட்ட சொல்லல. பேரு இருக்கட்டும். நல்ல பேருதான்."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. வேலை தப்பித்தது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி குளிர். உள்ளே ஹீட்டர் சூடு. இந்த ஊரில் கண்ணாடி போட்டவர்கள் வாசல் தாண்டினால் ஐந்து நிமிஷம் குருடர்கள்தான்.

அவன் கண்ணாடியில் ஆவி படியவில்லை. தாடி காய்ந்து கிடந்தது. தோளில் ஒரு பொட்டுப் பனி இல்லை.

"என்ன அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வந்துட்டியே."

"ஒரு படம் எடேன்." அவன் ஜன்னல் முன்னால் போய் நின்றான். "நான்தானான்னு பாத்துக்கோ. சந்தேகம் தீரும்."

கேமரா மேஜையில் இருந்தது. கம்ப்யூட்டரோடு கேபிளில் மாட்டியபடி. எடுக்காமல் இருந்தால்? எடுக்காமல் இருந்தால் அவன் கிட்டே வருவான் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. எடுத்தாள். கேமராவின் பார்வைத் துளைக்குள் அவன் தெளிவாகத்தான் தெரிந்தான். சிரித்தான்.

ஷட்டர் விழுந்தது. தகடு குர்ரென்றது.

அவன் நடந்து வந்தான். அவளைத் தாண்டி, அவள் நாற்காலிக்குப் பின்னால். சாய்மானத்தில் கை வைத்தான். மரம் முனகியது. மூச்சுச் சத்தம் இல்லை.

"பாரு," என்றான்.

படம் இறங்கத் தொடங்கியது.

உத்தரம். திரைச்சீலைக் கம்பி. ஜன்னலின் மேல்சட்டம். சுவரில் நாள்காட்டி.

அவன் தலை இருக்க வேண்டிய இடம் வந்தது. தலை இல்லை.

ஜன்னல் மட்டும். கறுப்புக் கண்ணாடி. இன்னும் ஒரு விரற்கடை.

கண்ணாடிக்கு வெளியே பனி அப்பிய முடி. நெற்றி. ஆவி படிந்து வெளுத்த மூக்குக்கண்ணாடி.

இரண்டாவது மாடி அது. வெளியே நிற்க ஒரு விளிம்புகூடக் கிடையாது.

ஒட்னி நிமிர்ந்து நிஜ ஜன்னலைப் பார்த்தாள். நீலம்தான் இருந்தது. யாரும் இல்லை.

திரையில் எய்லிஃப்பின் தாடி வந்தது. பனிக்கட்டி தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் அழுந்திய இரண்டு உள்ளங்கைகள் வந்தன, நகங்கள் பிய்ந்து.

"பேரைச் சொல்லு," என்றது பின்னாலிருந்து எய்லிஃப்பின் குரல். மைக்கின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. "இடமிருந்து வலம்."

கடைசி விரற்கடை இறங்கியது. திறந்த வாய். அது ஒட்னி, ஒட்னி என்றுதான் கத்திக்கொண்டிருந்தது.