மிச்சக் காந்தம்

மின்விசிறியை நிறுத்திய பிறகும் அறையில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மூன்று மணி. கணினி முன்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியருக்கு ஆபீசில் வைத்த பெயர் 'மாடல்'. ஆள் அழகு என்பதால் அல்ல, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்புக் கருவைக் கணக்காக்கித் திரையில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. நாலு நாளாக எங்கே தூங்குகிறார், வீட்டில் கதவு திறக்கிறார்களா என்பதெல்லாம் நமக்கெதற்கு? சட்டைக் காலரே சொல்லிவிட்டது.

ஜன்னல் இல்லாத அந்தச் சோதனை அறையின் மூலையில், ஒரு வயரும் இல்லாமல், மூன்று பீங்கான் கொம்புகளை நீட்டிக்கொண்டு, எண்ணெய் நாற்றத்தோடு அந்த டிரான்ஸ்பார்மர் நின்றது. போன மாதம் லைன்மேன் செத்தது அதில்தான்.

கிளார்க் அம்மா வந்தாள். வழக்கம்போல் டீ பிளாஸ்கை அதன் தலையில் வைத்து, ஒரு கையை ஊன்றிச் சாய்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும் சார். தப்பு ஆள் மேலயா, லைன் மேலயா, ஒண்ண எழுதுங்க. செத்தவர் சம்சாரம் காலையிலேர்ந்து வாசல்ல உக்காந்திருக்கு."

"லைன் எப்படிம்மா தப்பு பண்ணும்?"

"என்னைக் கேட்டா? பொட்டியோட குடும்பம் நடத்துறது நீங்கதான்."

பிளாஸ்கோடு போய்விட்டாள்.

விஷயம் இதுதான். அன்றைக்கு மூன்று பியூஸில் இரண்டைக் கழற்றிவிட்டு லைன்மேன் இவருக்குப் போன் செய்தார். "மூணாவது இறுகிக் கெடக்கு சார். கழட்டின ரெண்டுல கை வைக்கலாமா?" இவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அதான் செத்துப்போச்சே, வைங்கண்ணே" என்றார். வேறு யாருக்கும் இது தெரியாது.

இரும்பு, மின்சாரம் போன பிறகும் கொஞ்சம் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளந்த மிச்சத்தை அப்படியே மாடலில் போட்டால், மிச்சமிருந்த ஒற்றை லைனோடு கருவும் கேபிளும் சேர்ந்து ஆடி, செத்த லைன்கள் நாலு மடங்கு வோல்டேஜில் உயிர்த்தெழுந்தன. பூஜ்யம் என்று போட்டால் திரையில் வோல்டேஜ் கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. பூஜ்யமென்றால் கழற்றாத லைனைத் தொட்ட தப்பு செத்தவருடையது, அந்தப் பெண்ணுக்கு ஒரு காசு வராது. உள்ள எண்ணென்றால், கை வைக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள்.

தூக்கம் கண்ணைச் சொருகியது. பூஜ்யம் போட்டார்.

முனகல் கூடியது.

அழித்துவிட்டு உள்ளதைப் போட்டார். அடங்கியது. மறுபடி பூஜ்யம். இப்போது மேஜையே அதிர்ந்தது, பல்லின் வேரில் கூசியது. அலுத்துப்போய்ப் பூஜ்யத்தோடேயே ரிப்போர்ட்டில் கையெழுத்தைப் போட்டு, மெயின் சுவிட்சையும் இறக்கினார். விளக்கு போனது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் நீலமாக எரிந்தது.

சத்தம் போகவில்லை.

திரையில் மூன்று பியூஸும் கழன்றிருந்தன. கோடு ஏறிக்கொண்டிருந்தது.

கைமயிர் எழுந்தது. மூலைப் பக்கமாகச் சாய்ந்தது.

கதவு திறந்தது. கிளார்க் அம்மா, கையில் பிளாஸ்க்.

"இருட்டுல என்ன சார் தவமா? ரிப்போர்ட் ஆச்சா?" மூலைக்குப் போனவள் நின்றாள். "என்ன இது, ஒரு மாதிரி உறுமுது. கை வைக்கலாமா சார்?"

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். தாடை திறக்கவில்லை. நாக்கு, மரக்கட்டை.

டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்த் தொட்டிக்குள் யாரோ கொட்டாவி விட்டார்கள். நீளமாக. பிறகு இன்ஜினியருடைய குரலேதான், அலுப்போடு:

"அதான் செத்துப்போச்சே. வைங்க."

"கொட்டாவியப் பாரு" என்று சிரித்தாள்.

அவள் கூந்தல் இழை இழையாக எழுந்து பீங்கான் கொம்பைப் பார்த்து நீண்டது. விரித்த கை இறங்கிக்கொண்டிருந்தது.