இரும்பு தேடிய இரண்டு பாட்டில்கள்

உயிருக்கு விலை இல்லை என்பார்கள். விசைப்படகு முதலாளி லோபோ விலை வைத்திருந்தார்: இரண்டு லட்சம். அதுவும் இரண்டு தவணையில்.

தன் தம்பி சில்வஸ்டர் கடத்தல் சரக்கோடு இலங்கைக்கு ஓடிவிட்டான் என்று ஜெசிந்தா எழுதிக் கொடுத்தால் போதும். லோபோவின் இரும்புப் படகுதான் அவன் வள்ளத்தை இடித்து மூழ்கடித்தது என்று தூத்துக்குடித் துறை முழுக்கத் தெரியும். சாட்சி மட்டும் கடலடியில் கிடந்தது.

ஜெசிந்தா மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிப் பிழைப்பவள். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் மண்ணெண்ணெய் நிரப்பி, மேலே செம்புக் கம்பி சுற்றி, மூங்கில் கழியின் இரு முனைகளிலும் கட்டினாள். மின்சாரத்தைப் பாய்ச்சி நிறுத்தினால் இரண்டும் ஹெட்போனில் ஒரே சுருதியில் முனகும். அருகில் இரும்பு இருந்தால் சுருதி பிசகி நடுங்கும்.

ஆகவே தேடப் போகும் வள்ளத்தில் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பாய் கட்டினார்கள். நங்கூரத்துக்குப் பதில் கல். மாமா ரொசாரியோ சட்டை ஊக்கைக்கூடக் கரையில் விட்டார். சங்கு குளிக்கும் ஜெரோன் மட்டும், "ஈயம் ஒண்ணும் செய்யாதுல்லக்கா?" என்று கேட்டு, முழுகுவதற்கான ஈயக்கட்டிப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

சில்வஸ்டர் மூழ்கிய பாறைப் பக்கம், வள்ளத்துக்கு வெகு பின்னால் கழி மிதந்து வந்தது. அது பாறையில் மோதாமல் ஜெரோன் கூடவே நீந்தினான். காலை முழுக்க ஹெட்போனில் நடுக்கம்தான். அவன் கஞ்சி குடிக்க வள்ளம் ஏறினான். சுருதி சுத்தமானது.

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றினாள். "ஏல, பட்டையை அவுரு."

"எதுக்குக்கா?"

"அவுருல."

ஈயக்கட்டிகளுக்குப் பின்னாலிருந்து கத்தி வந்தது. முதல் குத்து ரொசாரியோவின் தொடையில் இறங்கியது. ஜெசிந்தா துடுப்பைச் சுழற்றினாள்; அவன் மணிக்கட்டு சுள்ளியாக முறிந்து, கத்தி வள்ளத்துக்குள் விழுந்தது. மற்றக் கையால் அவள் கூந்தலைப் பற்றிக் கடலுக்குள் இழுத்தான். உப்புநீரும் ரத்தமும் அவள் தொண்டையில் இறங்கின. கையில் சிக்கிய செம்புக் கேபிளை அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அவளுக்குப் பழகிய வேலை. அவன் கண் பிதுங்கும்வரை இறுக்கினாள். பிறகு விட்டு, வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டாள்.

"கொன்னுருட்டி!" என்றார் மாமா, தொடையைப் பொத்திக்கொண்டு.

"முழுகுறதுக்கு ஆள் வேணும்ல மாமா?"

பாறையைச் சுற்றி மறுபடி வந்தார்கள். இம்முறை கழியோடு யாரும் நீந்தவில்லை. ஓரிடத்தில் சுருதி வெடவெடத்தது. ஜெரோனின் இடுப்பில் கயிறு கட்டினாள்.

"லோபோ எவ்வளவு குடுத்தாரு?"

"அம்பதாயிரம்."

"நான் உன் உயிரத் தாறேன். லாபமா நட்டமான்னு கீழ போயி யோசி."

ஒற்றைக் கையோடு மூன்று முறை மூழ்கினான். மூன்றாம் முறை கயிற்றில் கட்டி அனுப்பியது, சில்வஸ்டர் வள்ளத்தின் விலாவில் செருகிக் கிடந்த இரும்புத் தகடு. லோபோ படகின் முகப்பிலிருந்து பிய்ந்தது. படகின் பதிவு எண்ணில் பாதி அதிலேயே இருந்தது.

"கடலத் தேடுததுக்கு முந்தி நம்ம வள்ளத்தத் தேடியிருக்கணும்" என்று முனகினார் ரொசாரியோ.

துறையே திரண்டு நிற்க, தகடு காவல் நிலைய மேசையில் விழுந்தது. ஜெசிந்தா கணக்கை முடித்தாள்.

வரவு: ஒரு தகடு, தம்பியின் நல்ல பெயர். செலவு: மாமாவுக்குப் பதினொரு தையல், ஜெரோனின் மணிக்கட்டு, இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய். பாக்கி: சில்வஸ்டர். தர வேண்டியவர் லோபோ. தவணை கிடையாது.