தமிழில் வழி சொன்னவன்

எஸ்டேட் ரோட்டு முனையில் வழி சொன்னவன் தமிழில் சொன்னான். "நேராப் போங்க சாமி." அதைக் கேட்டதுமே காஞ்சனா கார்க் கண்ணாடியை ஏற்றினாள்.

பாடாங் மேஹாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் புஷ்பவள்ளி அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அந்த எஸ்டேட் ரோட்டுல போவாதீங்கண்ணே. நம்ம ஆளுங்க காலி பண்ணி இருபது வருசம் ஆச்சுலா. இப்ப பூரா நேபாளி, பங்களாதேஷ்காரன்தான். உள்ள யாராச்சும் தமிழ்ல பேசினா காடிய நிறுத்தாதீங்க. பேரச் சொல்லாதீங்க."

இந்த மனுசன் கேட்டாரா? கோயம்புத்தூரில் சொந்த வீட்டுத் தெருவையே தாண்டிப் போகிறவர், பினாங்கில் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்ட ஆரம்பித்ததும் மலேசியாவையே கரைத்துக் குடித்தவர் ஆகிவிட்டார். செர்டாங்குக்கு இது குறுக்கு வழியாம். இருபத்தேழு வருசமாக இவருடைய குறுக்கு வழிகளில் அவள் பட்டது போதாதா?

மணி நாலுதான். ஆனாலும் இருபுறமும் செம்பனை மட்டைகள் மேலே கோத்துக்கொண்டு வெளிச்சத்தை மறைக்க, சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்குவதைத் தவிர ஒரு காக்கா குருவிச் சத்தம்கூட இல்லாமல், மூடின கண்ணாடியையும் மீறிப் புளித்த பால் நாற்றம் ஒன்று வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, திருப்புங்க."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

பாதை ஒரு களத்தில் முடிந்தது. ஐம்பது பேர் முதுகு காட்டி வரிசை வரிசையாக நின்றார்கள். தலையில் துண்டு, கையில் வாளி. முன்னால் ஒருவர் நோட்டைப் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிச்சையம்மாள்."

"இருக்கேன் சாமி."

"அட, நம்ம சனம்! இதுக்குப் பேரு பெரட்டு. தினம் காலைல, ரப்பர் பால் எடுக்கப் போறதுக்கு முன்னால, ஆள் எண்ணுறது," என்றார் எல்லாம் தெரிந்தவர். காலையில் எண்ணுவதைச் சாயங்காலம் ஏன் எண்ணுகிறார்கள் என்று அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. வண்டியை அணைத்து, சாவியோடு இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்தார். "வணக்கமுங்க! நான் ரவிச்சந்திரன். கார்ல இருக்கறது சம்சாரம், காஞ்சனா!"

ஓட்டை வாய். கண்டவனிடமெல்லாம் ஜாதகத்தை ஒப்பிக்கிற வாய்.

நோட்டுக்காரர் எதையோ எழுதினார். காஞ்சனா கதவுகளைப் பூட்டினாள்.

"ரவிச்சந்திரன்."

"இருக்கேனுங்க!" என்று கிண்டலாகக் குரல் கொடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போன் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே போய் முதுகு காட்டி நின்றார்.

"ஏங்க!" கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள். "வந்துடுங்க. ஒண்ணும் சொல்லமாட்டேன், வந்துடுங்க!" இந்த வெட்டி வீறாப்புக்காரர் இல்லாமல் வீடு திரும்ப அவளால் முடியாது. அந்தப் பாழாய்ப்போன உண்மை அப்போதுதான் தெரிந்து அழுகை வந்தது.

அவர் திரும்பவில்லை. நோட்டுக்காரர் அடுத்த பேருக்குப் போனார்.

"காஞ்சனா."

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பதில் சொல்லமாட்டாள். செத்தாலும்.

"காஞ்சனா."

வரிசை காத்திருந்தது. அவர் மட்டும் மெல்லத் திரும்பினார். அவர் முகம்தான். அதே அசட்டுச் சிரிப்பு.

"இருக்கா சாமி," என்றார். "கார்லதான் இருக்கா."

கையிலிருந்த சாவியை அமுக்கினார். டக். நாலு கதவுப் பூட்டும் திறந்தது. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பது பேரும் திரும்பினார்கள்.