உலகம்மாள் இல்லாத ஒரு நாள்

மனைவி உலகம்மாளை ஒரு நாளைக்கு நிறுத்தி வைப்பதற்காகச் சொரிமுத்து காலையிலேயே மணவிலக்கு மையத்துக்குக் கிளம்பினார். வெள்ளிக் கிரகத்தின் மேகங்களுக்கு நடுவே மிதக்கும் மிதவூரில் இது முடி வெட்டிக்கொள்வதுபோலச் சாதாரண விஷயம். பிரிய நினைக்கிறவர், துணையில்லாத ஒரு நாளை முதலில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அதற்கு இன்மை நாள் என்று பெயர். துணை எங்கேயும் போக வேண்டியதில்லை. அதே வீட்டில் வழக்கம்போல இருக்கலாம். இவருடைய கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் தட்டுப்படமாட்டார்.

எல்லாம் வடிமணி செய்கிற வேலை. முதலில் குடியேறியவர்களுக்கு, ஊரைத் தாங்கும் எந்திரங்களின் இரைச்சலும் கூரைமேல் அமில மழை சீறுகிற சத்தமும் பைத்தியம் பிடிக்க வைத்தன. அதனால் மிளகளவு மணி ஒன்றைச் செய்து காதுக்குப் பின்னால் பதித்தார்கள். தினமும் ஒரே மாதிரி வருகிற சத்தம், காட்சி எதையும் அது தேவையற்றது என்று எடுத்துக்கொண்டு, மனத்துக்குப் போகுமுன் வடிகட்டிவிடும். விடுபட்ட இடத்தைச் சுற்றியிருப்பதைக் கொண்டு நிரப்பியும் விடும். புதிதாக வருவதை மட்டும் தடுக்காது. இப்போது குழந்தைக்குக் காது குத்தும்போதே மாமன் மடியில் வைத்து வடிமணியும் பதித்துப் பாயசம் கொடுக்கிறார்கள். தங்களைக் கீழே விழாமல் பிடித்திருக்கும் எந்திரத்தின் சத்தத்தை இந்தத் தலைமுறையில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த சமயம். மையத்தில் நல்ல கூட்டம். பொறுப்பிலிருந்த ஜெபசெல்வி சொரிமுத்துவின் காதோரம் கருவியை வைத்தபடி கேட்டாள்.

“என்ன அண்ணாச்சி பிரச்சினை?”

“சண்டை ஒண்ணும் இல்லம்மா. அவ வீட்ல இருக்கிறதே தெரியல. ஒரு வார்த்தை பேசமாட்டா. சுவரைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளு இருக்க? பக்கத்து மிதவூருக்குப் போனா நாலு பேரு முகத்தையாவது பாக்கலாம்.”

கருவி கூவியது. “முடிஞ்சுது, நாளைக்கு வாங்க” என்று அவள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொரிமுத்து பயத்தோடுதான் உட்கார்ந்தார். இன்மை நாளில் தேம்பி அழுதவர்களைப் பற்றியெல்லாம் கேள்விப்பட்டிருந்தார். சன்னலுக்கு வெளியே மேகங்கள் மஞ்சள் பூத்து மெல்ல உருண்டுகொண்டிருந்தன. எப்போதும்போல் மேசைமேல் காபி இருந்தது. மதியம் தட்டில் சோறு இருந்தது. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். விழித்தபோது மேலே போர்வை கிடந்தது. பொழுது அடர்ந்து தேன் நிறமானபோது விளக்கு எரிந்தது. அழுகை வரவில்லை. எந்த மாற்றமும் தெரியாதது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மையத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். “ஒரு வித்தியாசமும் இல்லம்மா. பிரிச்சு விட்டுரு.”

போட்ட மறைப்பை எடுப்பதற்காக ஜெபசெல்வி கருவியை வைத்தாள். அதில் வந்த எழுத்தைத் திரும்பப் படித்தாள்.

“அண்ணாச்சி, நேத்து கூட்டத்துல நான் கவனிக்கல. மறைப்பே விழல.”

“விழலையா? அப்ப அவ எங்க போனா?”

“எங்கயும் போகல. நாங்க மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. உங்க வடிமணி அவுகள எப்பவோ வடிகட்டிருச்சு. முதல்ல குரலை எடுத்திருக்கு. பெறவு நடமாட்டம். கடைசியா முகம். தினமும் பாக்குற ஆளை நீங்க கவனிக்கிறதை விட்டுட்டீக. மணி அதைப் பாத்துக் கத்துக்கிட்டுது.”

சொரிமுத்து காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். சுவர் என்று நினைத்து எத்தனை வருடம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. “கழட்டிரும்மா” என்றார்.

“இரைச்சல் மொத்தமும் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

தெருவுக்கு வந்ததும் ஊர் அவர்மேல் இடிந்து விழுந்தது. எந்திரங்கள் உறுமின, மழை சீறியது, காலடியில் தரை அதிர்ந்தது. இத்தனை பாடுபட்டா இவை என்னை விழாமல் பிடித்திருக்கின்றன என்று அவருக்குக் கண் கலங்கியது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார்.

உலகம்மாள் அடுக்களையில் இருந்தாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. அது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள்! கண்ணாடித் தோட்டத்துத் தக்காளி பூத்ததையும், அவருடைய மாத்திரை தீரப்போவதையும், அவருடைய காலி நாற்காலியைப் பார்த்து நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் அப்படியே இருந்தது. கல்யாணமான புதிதில் இந்தக் குரலுக்காக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தது அவருக்கு நினைவு வந்தது. ஆசை தீரக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“உலகு” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. எதிரே போய் நின்றார். அவரைத் தாண்டிச் சன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் காதுக்குப் பின்னால் மினுங்கிய மணி அவர் கண்ணில் பட்டது. அவளுக்கு மட்டும் அவர் தினமும் புதிதாகவா இருந்திருப்பார்?

ஆனாலும் அவள் கை வழக்கம்போலக் காபியை ஆற்றி நாற்காலிப் பக்கம் வைத்தது. சொரிமுத்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“காபி ரொம்ப நல்லாருக்கு உலகு. இத்தனை காலம் என்னைப் பாத்துக்கிட்ட. உனக்கு ரொம்ப நன்றி.”

இதுவரை கேட்டிராத அந்த வார்த்தைக்கு உலகம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவரை நேராகப் பார்த்தாள். அவசரமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் அப்படியொரு மரியாதையான சிரிப்பு வந்தது.

“வாங்க, வாங்க. நீங்க வந்தது தெரியாம நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். அவுகளைப் பாக்கவா வந்தீக?”

சொரிமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

“இருங்க, வந்துருவாக” என்றாள் உலகம்மாள். “நானும் ரொம்ப வருசமா அவுகளுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”