நன்றியுரைக்கு முன் ஒரு மண்டையோடு!

"பொணத்தைத் தோண்டி எடுத்தாங்க!"

ஒலிபெருக்கி அலறியது.

மேடையில் தலைவர் நாற்காலியில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்த மாதையன் விருட்டென்று நிமிர்ந்தார். கையில் இருந்த சோடா பாட்டில் நழுவியது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. கடத்தூர் சந்தைத் திடல் முழுக்க பேராசிரியர் ஞானராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. மழை பொய்த்து, கிணறுகள் வறண்டு, ஊரே வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். சென்னைக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஞானராஜ், பிறந்த ஊருக்கு வந்து 'அமெரிக்கா பிறந்த கதை' என்று ஐந்து நாள் சொற்பொழிவு ஆரம்பித்தார். சினிமாக் கொட்டகை காலியாகிவிட்டது!

நோட்டீசில் தலைமை: மாதையன், மாங்காய் மண்டி. இடம் உதவி: அதே மாதையன். பெருமைக்குக் குறைச்சல் வைக்காத மனிதர். தன் மாந்தோப்பு வரைக்கும் கேட்க வேண்டும் என்று தோப்போரப் பனைமரத்தில் தனியாக ஒரு ஒலிபெருக்கி கட்டச் சொன்னதும் அவர்தான்.

இன்று நான்காம் நாள்.

"பாஸ்டன் ஊருக்குப் பக்கத்துல ஒரு குன்று. இங்கிலாந்து பட்டாளத்தோட சண்டை. வாரன்னு ஒரு டாக்டர் செத்துட்டாரு. எதிரிங்க அவரையும் இன்னொருத்தரையும் ஒரே குழியில போட்டு மூடிட்டாங்க. பத்து மாசம் கழிச்சுத் தோண்டுனா... முகம் இல்ல! இதுல டாக்டர் யாரு?"

திடலே முன்னால் சாய்ந்தது.

"பால் ரெவர்னு ஒருத்தர் குனிஞ்சு பாத்தாரு. வெள்ளி வேலை செய்யற தட்டாரு. பல்லும் கட்டுவாரு. 'இது நான் கம்பி வச்சுக் கட்டுன பொய்ப்பல்லு. இவருதான் டாக்டரு'ன்னாரு! பாத்துக்கங்க... முகம் மண்ணாப் போவும். கட்டுன பல்லு போவாது!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

மாதையன் தட்டவில்லை. 

சவரி...

அவருடைய லாரி டிரைவர். ஞானராஜின் தம்பி. சடுகுடு ஆடி முன்பல்லை உடைத்துக்கொண்டவனை அண்ணன்தான் சென்னைக்குக் கூட்டிப்போய் வெள்ளிப் பல் கட்டிவிட்டார். சவரி சிரித்தால் முதலில் அந்தப் பல்தான் சிரிக்கும்.

மூன்று வருடமாக அந்தச் சிரிப்பு மாதையனின் தோப்பில், பம்பு செட்டுக்குப் பின்னால், மண்ணுக்கடியில் கிடக்கிறது.

மாங்காய் லோடுக்கு அடியில் சித்தேரி மலைச் சந்தனக்கட்டை போவதை அவன் கண்டுபிடித்திருக்கக் கூடாது. கண்டுபிடித்தாலும், "போலீசுல சொல்லிப்புடுவேன் மொதலாளி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் மண்வெட்டி வேறு இருந்து தொலைத்தது. வெறும் கோபம். ஒரே அடி!

'பெங்களூர் போயிட்டான்' என்று சொன்னார். ஊர் நம்பியது.

ஆனால் அண்ணன்?

முதல் நாள் பேச்சிலேயே சந்தேகம் தட்டியது. அமெரிக்கக் கடலோரத்தில் குடியேறியவர்களை விட்டுவிட்டு இங்கிலாந்து போன தலைவர், மூன்று வருடம் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லையாம்! அதைச் சொல்லிவிட்டு ஞானராஜ் மெதுவாகத் திரும்பித் தலைவரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... இமைக்கவே இல்லை.

இன்றைய கூட்டம் கலைந்தது. முன்வரிசையில் தினமும் வந்து உட்காரும் இன்ஸ்பெக்டர் தர்மன் மேடைக்கு வந்தார்.

"என்னங்க மாதையன், மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?"

"புழுக்கம்ங்க சார்."

"அட, ஒங்களுக்கு நல்ல சேதி ஒண்ணு. வறட்சி நிவாரண வேலை வந்திருக்குல்ல? ஒங்க தோப்பு வழியாத்தான் வாய்க்கால் வெட்டறாங்களாம்."

மாதையனின் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

"தோப்புல... எந்தப் பக்கமுங்க?"

"இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும்னு பேசிக்கிட்டாங்க. நாளன்னிக்குக் காலைல நூறு ஆளு எறங்கறாங்க."

"நல்லதுங்க சார்... ரொம்ப நல்லதுங்க."

ஞானராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, எந்தம்பி பெங்களூர்ல எந்தப் பக்கம்னு ஏதாச்சும் சொன்னானுங்களா?"

"மெஜஸ்டிக் பக்கம்னான். அதுக்கப்பறம் தகவலே இல்லைங்க வாத்தியாரே. எனக்கும் மனசு கேக்கல."

"ஒங்களுக்கு நல்ல மனசுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே குடும்பச் சிரிப்பு. பல் மட்டும்தான் வேறு.

அன்று இரவு மாதையனுக்குச் சோறு இறங்கவில்லை.

எலும்பு கிளம்பினால் கிளம்பட்டும் என்று நேற்றுவரை தைரியமாக இருந்தார். பழைய இடுகாடு என்று சொல்லிவிடலாம். யாருடைய எலும்பு என்று எவன் கண்டான்? இப்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது! அமெரிக்காவில் எவனோ ஒரு தட்டான் இருநூறு வருடத்துக்கு முன் செய்துவிட்டுப் போன வேலை... கடத்தூரில் ஒரு கழுத்துக்குக் கயிறு திரிக்கிறது!

மண்டையோட்டை எடுத்தாக வேண்டும்.

எப்போது? மாம்பழக் காலம். இரவெல்லாம் தோப்பில் காவல். பகலெல்லாம் காய் பறிக்கும் ஆட்கள். தோப்பு காலியாகும் நேரம் ஒன்றே ஒன்றுதான்.

பேராசிரியர் பேசும் நேரம்!

மறுநாள் சாயங்காலம் மைக் செட் சென்னப்பன் மண்டிக்கு ஓடிவந்தான்.

"மொதலாளி, கெளம்பலீங்களா? கடைசி நாளுங்க. சனம் அள்ளிக்கிட்டு வருது!"

"காய்ச்சலுடா சென்னப்பா. வூட்டுக்குப் போயிப் படுக்கப்போறேன். இந்தா பொன்னாடை. எம்பேரைச் சொல்லி வாத்தியாருக்குப் போர்த்திடு."

"சரிங்க மொதலாளி."

"இன்ஸ்பெக்டர் வர்றாரா?"

"அவரு வராம இருப்பாருங்களா? மொத வரிசையில துண்டு போட்டு வச்சிருக்காரு!"

தோப்பு ஆட்களையும் பேச்சு கேட்க விரட்டிவிட்டார் மாதையன்.

வெயில் தாழ்ந்திருந்தது. தோப்பில் ஒரு காக்கை கூட இல்லை. பனைமரத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே..."

ஞானராஜின் குரல்!

மாதையன் பெருமூச்சு விட்டார். இந்தக் குரல் கேட்கிறவரை பேராசிரியர் மேடையில். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். திடலில் ஊர்.

மண்வெட்டியை ஓங்கினார்.

'சொத்'... 'சொத்'...

"அமெரிக்கா விடுதலைக்குப் போராடுன காலத்துல ஆர்னால்டுன்னு ஒரு தளபதி. எல்லாரும் நம்புன ஆளு. அவனை நம்பித்தான் ஒரு கோட்டையையே குடுத்தாங்க..."

மண் காய்ந்து கல்லாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது.

"...கூடவே இருந்து குழி பறிச்சான்!"

மாதையனின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி வெட்டினார்.

'டொக்!'

மண்டியிட்டார். கையால் மண்ணைத் தள்ளினார். உருண்டையாக... வெளுப்பாக...

தூக்கினார். மண் உதிர்ந்தது. மாலை வெயிலில் பளிச்சென்றது அது.

வெள்ளிப் பல்!

"செத்தும் சிரிக்கிறியாடா சவரி? ஒரே அடியில போனவன்தானே... இன்னுமா என்னை விடமாட்டேங்கற?"

பல்லைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பனைமரத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"...கோட்டையை எதிரிக்கு விக்கப் பாத்தான். சதி பலிச்சிருக்கும். ஆனா அது வெளிய வந்தது எப்படின்னா..."

'டக்!'

ஒலிபெருக்கி நின்றது.

கரண்ட் போய்விட்டதா? மாதையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"...பதட்டத்துலங்க!"

குரல் தொடர்ந்தது.

பனைமரத்திலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னாலிருந்து!

மாதையன் திரும்பினார். குழியின் விளிம்பில் பேராசிரியர் ஞானராஜ் நின்றிருந்தார்.

"ஆர்னால்டோட கூட்டாளி, எதிர்ல வந்தவங்களைத் தன்னோட ஆளுங்கன்னு தப்பா நெனச்சு, பதட்டத்துல தானே உளறிட்டான். தப்பு செஞ்சவனைப் பயமுறுத்தத் தேவையில்லைங்க. கொஞ்சம் அவசரப்படுத்துனாப் போதும்."

"நீ... நீ அங்க... பேசிட்டு..."

"பேசுனது நான்தான். காலைலயே கேசட்டுல பேசிட்டேன். இப்ப ஒரு பக்கம் முடிஞ்சிருக்கும். சென்னப்பன் திருப்பிப் போடுவான்."

பம்பு செட் கதவு திறந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களோடு இன்ஸ்பெக்டர் தர்மன் வெளியே வந்தார்.

"ஒங்க ஆளுங்க சோத்துக்குப் போன ரெண்டு மணியிலேர்ந்து உள்ள வேகறோம் மாதையன். 'ஒரே அடி'ன்னீங்களே, நாலு பேர் காதுலயும் விழுந்துச்சு."

"சார்! வாய்க்கால் வெட்ட வருவாங்கன்னு... ஏதோ எலும்பு கெடக்கேன்னு..."

"எந்த வாய்க்காலு?"

மாதையன் குழியைப் பார்த்தார். தர்மனைப் பார்த்தார்.

"வாய்க்காலே கெடையாதுங்க. சவரி எங்க இருக்கான்னு மூணு வருசமா எங்களுக்குத் தெரியாது. நேத்துவரைக்கும் எங்ககிட்ட பொணமும் இல்ல, சாட்சியும் இல்ல. ஒங்க மேலயும் ஒங்க தோப்பு மேலயும் சந்தேகம் ஒண்ணுதான் இருந்துச்சு. மிச்சத்தை நீங்களே வந்து தோண்டிக் குடுத்துட்டீங்க."

ஞானராஜ் குழியில் இறங்கினார். மாதையனின் கையிலிருந்து மண்டையோட்டை வாங்கி, அந்தப் பல்லை வேட்டி நுனியால் துடைத்தார்.  ஐந்து நாளாகத் தடுமாறாத குரல் இப்போது உடைந்தது.

"வருசாவருசம் கல்லறைத் திருநாளுக்கு எங்க ஆத்தா கல்லறையில மெழுகுவத்தி ஏத்தறவன்ங்க இவன். எங்க லோடு போனாலும் அன்னிக்கு வந்துருவான். மூணு வருசமா ஏத்தல. பெங்களூர் என்ன, அமெரிக்காவுல இருந்தாலும் வந்திருப்பான்... அப்பவே தெரியும், எந்தம்பி உசுரோட இல்லேன்னு."

அழுதார். தர்மன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

விலங்கு மாட்டும்போது மாதையனுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்ப... திடல்ல அவ்வளவு சனமும்?"

"'சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, கேசட்டுல பேசறாரு'ன்னு சென்னப்பன் மைக்கை அணைச்சுட்டுச் சொல்லியிருப்பான். எல்லாரும் உக்காந்து கேட்டுட்டு இருப்பாங்க. ஒங்க பொன்னாடை வந்திருந்தா டேப் ரெக்கார்டருக்குத்தான் போர்த்தியிருப்பான்!" என்றார் தர்மன்.

பனைமரம் மறுபடி கரகரத்தது. கேசட் திரும்பிவிட்டது. ஞானராஜின் குரல், மிச்சக் கதையைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தோப்பெங்கும் கணீரென்று ஒலித்தது.

"...நிறைவாக, கேட்டவுடனே மறுக்காமல் இடம் உதவிய தலைவர் மாதையன் அவர்களுக்கு என் நன்றி!"

தர்மன் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தலைவரே... இடம் குடுத்ததுக்கு வாத்தியாரு நன்றி சொல்லிட்டாரு. இடத்தைக் காட்டுனதுக்கு நான் சொல்லிக்கறேன்!"