மாற்றுச் சாவி

காலையில் தன் தையல் கடையிலிருந்து ஸுப்ரியா செல்விக்கு அனுப்பிய செய்தியின் ஓரத்தில் இரண்டு நீலக்கோடுகள். படித்தாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதைப் படிக்கவேண்டிய செல்வியின் போன் யாரும் கவனிக்காமல் நேற்றே சார்ஜ் தீர்ந்து, இதோ, ஸுப்ரியா வீட்டு மேஜைமேல் கறுப்பாகக் கிடந்தது.

'மூணு மணிக்குக் கலூர் பஸ் ஸ்டாண்ட்.' அவ்வளவுதான் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை. கொச்சங்காடிக் கிடங்குகள் எல்லாம் சாத்தியிருந்தன. கீழ்த்தளத்து மூட்டைகளிலிருந்து சுக்கும் மிளகும் நனைந்த சணலும் கலந்த வாசனை மரப்படியேறி ஸுப்ரியாவின் மாடி வீட்டுக்கு வந்துகொண்டிருக்க, ஓட்டில் மழை ஒரே சீராகப் பெய்தது.

"அவுகதான் படிச்சிருக்காக, யக்கா," என்றாள் செல்வி. அவள் உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. புருஷன் முத்துவேலுக்குப் போலீஸில் வேலை. சந்தேகத்துக்குரியவர்களின் செய்திகளைத் திறந்து பார்க்கும் பிரிவு. அவனிடமிருந்து தப்பி, தான் வேலை பார்க்கும் தையல் கடைக்காரி ஸுப்ரியாவின் வீட்டுக்கு அவள் வந்து இரண்டு நாளாகிறது.

"குத்தவாளியைப் பிடிக்கறதுக்குன்னு சொல்லித்தானே சர்க்கார் எல்லார் செய்தியையும் திறக்க மாத்துச் சாவி வாங்கித்து? அது யார் கையிலே இருக்கப்போறதுன்னு ஒருத்தர் கேட்டாளா?" என்றாள் ஸுப்ரியா. "ஏலூர் பாக்டரிக்கு ஷிப்ட் வேலைக்குப் போன எங்காத்துக்காரருக்கு நான் அனுப்பற கொஞ்சலையும் படிச்சிருப்பான், வெக்கங்கெட்டவன்."

தன் போனை எடுத்துச் செல்வியின் நம்பருக்கே தட்டினாள்: 'பஸ் வேண்டாம். கொச்சங்காடியிலே எங்காத்து மாடியிலேயே இரு.'

அனுப்பிய கணமே நீலம்.

"யக்கா! இங்க வந்துருவாகளே!"

"வரட்டும். அவன் ரோட்டு வழியா இங்கே வரச்சே, நீ படகேறி அக்கரைக்குப் போய் அந்த பஸ்ஸையே பிடி. போனை இங்கேயே விட்டுடு."

"நீங்க?"

"நானா? அவனுக்குச் சாயா போட்டு வெக்கறேன். போடீ!"

செல்வி பின்படியில் இறங்கி ஓடினாள். ஸுப்ரியா கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பழைய இரும்பு, வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது.

மூன்றேகால். பஸ் கிளம்பியிருக்கும்.

கீழே வாசல் கிறீச்சிட்டது. மரப்படி. ஒன்று. இன்னொன்று. பிறகு நிறைய. ஒருவனின் கால்கள் அல்ல.

கதவடியில் நிழல். இன்னொரு நிழல். கீற்று வெளிச்சமும் போயிற்று.

"அவ போயாச்சு!" என்று கத்தினாள் ஸுப்ரியா. "இனிமே நீங்க படிக்கறதுக்கு இங்கே ஒண்ணுமில்லை!"

யாரும் தட்டவில்லை.

அவள் கண்ணெதிரே, யாரும் தொடாத தாழ்ப்பாள், செய்தியைத் திறந்த அதே மாற்றுச் சாவி இதற்கும் இருப்பதுபோல, மெல்ல நகர்ந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பித் தள்ளினாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, விரலைப் போல.

அது பதிலுக்குத் தள்ளியது.

அவள் விடவில்லை.